64 த்ரெட்டுக்கு ஒரு ஜிபி

2017 டிசம்பரில் டீப்மைண்ட் வெளியிட்ட ஒரு ஆட்டக்கணக்கு சதுரங்க வட்டாரத்தைத் திகைக்க வைத்தது. விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடித் தேறிய ஆல்ஃபாசீரோ, சதுரங்க எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டங்களில் 28 முறை வென்றிருந்தது. மற்ற 72 ஆட்டங்களும் டிரா. தோல்வியே இல்லை. எல்லோரும் ஆட்டங்களின் அழகைப் பேசிக்கொண்டிருக்க, ஸ்டாக்ஃபிஷை உருவாக்கியவர்களில் ஒருவரான டோர்ட் ரோம்ஸ்டாட் போன்றவர்கள் ஆட்டம் எந்த ஏற்பாட்டில் நடந்தது என்று கேட்டார்கள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்டாக்ஃபிஷுக்கு 64 த்ரெட் (இணையாக ஓடும் கணக்கீட்டு இழை) தரப்பட்டது. ஹாஷ் நினைவகமோ வெறும் ஒரு ஜிபி. ஹாஷ் என்பது எஞ்சின் ஏற்கெனவே அலசிப் பார்த்த நிலைகளைக் குறித்துவைக்கும் ஏடு. ஒரு ஜிபியில் ஸ்டாக்ஃபிஷ் சுமார் 10 கோடி குறிப்புகள் எழுதலாம். அந்தப் போட்டியில் அது அலசியதோ நொடிக்கு 7 கோடி நிலைகள். நகர்வுக்கு ஒரு நிமிடம் என்றால் ஏடு சீக்கிரமே நிரம்பிவிடும்; பிறகு எழுதியதை அழித்து அழித்து மறுபடி எழுதவேண்டியதுதான். எல்லா நகர்வுக்கும் அதே ஒரு நிமிடம் என்பது இன்னொரு கோளாறு. சிக்கலான இடத்தில் நேரத்தைச் செலவழித்து எளிய இடத்தில் மிச்சம்பிடிக்கும் உத்தியை ஸ்டாக்ஃபிஷுக்குள் பல ஆண்டுகளாகச் செதுக்கியிருந்தார்கள். அது அங்கே பயனற்றுப் போனது.

இந்தச் சச்சரவு புதிதல்ல. 1995-இல் ஹாங்காங்கில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில், ஐபிஎம்மின் டீப் ப்ளூ முன்மாதிரியை சாதாரண பென்டியம் கணினியில் ஓடிய ஃப்ரிட்ஸ் என்ற எஞ்சின் வீழ்த்தியபோது, வலிய வன்பொருள் வெற்றியை உறுதிசெய்யாது என்று பலர் மகிழ்ந்தார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் ரிப்கா என்ற எஞ்சின் 40 கோர் கொண்ட கணினிக் கூட்டத்தோடு வந்து வென்றபோது அந்த மகிழ்ச்சி இல்லை. மறு ஆண்டு பாம்ப்லோனாவில் 8 கோர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2010-இல் எல்லோருக்கும் ஒரே வகைக் கணினி என்று தனிப் போட்டியே தொடங்கினார்கள்.

ஒரே கணினி என்னும் ஏற்பாட்டின் பலம் வெளிப்படை: பணப்பையை விலக்கிவிட்டு நிரலை மட்டும் எடைபோடுகிறது. ஸ்டாக்ஃபிஷ் குழுவின் ஃபிஷ்டெஸ்ட் இதை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. தன்னார்வலர்கள் தரும் கணினிகளில் பழையதும் உண்டு, புதியதும் உண்டு. ஆனால் பழைய நிரலும் திருத்திய நிரலும் மோதுவது ஒரே கணினியில். தொடக்க நிலை ஒன்றே, வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. கணினி மெதுவானது என்றால் கடிகாரத்தில் நேரம் கூடும். என் பார்வையில், நியாயமான சோதனைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. ஆனால் அங்கே மோதுவது ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி என்பதை மறக்கக்கூடாது.

அந்நியர்கள் மோதும்போதுதான் தராசு தள்ளாடுகிறது. எஞ்சின்களுக்குத் தரப்பட்டியல் போடும் சிசிஆர்எல், தன் நீண்ட ஆட்டங்களுக்கு இன்டெல் ஐ7-4770கே செயலியை அளவாகக் கொண்டு, மற்றக் கணினிகளில் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. நேர்மையான முயற்சிதான். ஆனால் எல்லா எஞ்சினும் எல்லாச் செயலியிலும் ஒரே விகிதத்தில் வேகம் பெறுவதில்லை. எதிராளி யோசிக்கும் நேரத்தில் தானும் யோசிக்கும் வசதியை அங்கே அணைத்துவைக்கிறார்கள். ஒரே கணினியை இருவர் பங்கிட்டால் ஒருவர் மற்றவரின் கோர்களைத் தின்றுவிடுவார் என்பதால் இது தேவையே. ஆனாலும் ஆட்டத்தின் ஒரு பகுதி சோதிக்கப்படாமலே போகிறது.

2018-இல், ஆல்ஃபாசீரோவைப் போல நரம்பு வலையில் இயங்கும் லீலா செஸ் ஜீரோ வந்ததும் ஒரே கணினி என்ற சொல்லுக்கே பொருள் கரைந்தது. லீலாவுக்கு ஜிபியு என்னும் வரைகலைச் செயலி வேண்டும், அன்றைய ஸ்டாக்ஃபிஷுக்கு அது வெறும் இரும்பு. எதை வைத்துச் சமன்செய்வது? விலையா, மின்செலவா? விலையை எடுத்தால் சந்தை தீர்ப்பெழுதும். மின்செலவை எடுத்தால் புதிய சில்லு வாங்கியவர் ஜெயிப்பார். ஆர்வலர்கள் ‘லீலா விகிதம்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆல்ஃபாசீரோ நொடிக்கு 80,000 நிலை, ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி, வகுத்தால் 875. இரு எஞ்சின்களின் வேகம் அந்த விகிதத்தில் இருந்தால் வன்பொருள் சமம். அநியாயம் என்று எந்தப் போட்டியைத் திட்டினார்களோ, அதே போட்டியை நியாயத்தின் படிக்கல்லாக்கி விட்டார்கள்!

டீப்மைண்ட் 2018-இல் வெளியிட்ட மறு ஆய்வு இதைவிட உருப்படியான வழியைக் காட்டியது. ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹாஷ்; ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம், நகர்வுக்குக் கூடுதலாக 15 நொடி. 1000 ஆட்டங்களில் ஆல்ஃபாசீரோ 155 வென்றது, 6 தோற்றது. புகாரில் சாரம் இருந்தது. ஆனால் முடிவு புரளவில்லை. முக்கியமானது அடுத்து வந்தது: ஆல்ஃபாசீரோவின் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து ஆடவிட்டார்கள். எதிராளிக்குப் பத்து மடங்கு நேரம் கிடைத்தபோதும் அது முன்னிலையில் இருந்தது. வன்பொருள் சமமா என்று வாதிடுவதற்குப் பதில், எவ்வளவு சமமின்மையைத் தாங்கும் என்று அளப்பது இது. தரப்பட்டியல்கள் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, நேரமும் கோரும் மாற மாற அந்த எண் ஏறி இறங்கும் வளைகோட்டைத் தரவேண்டும் என்பேன். செலவு பிடிக்கும் வேலைதான். பட்டியல் போடுகிறவர்களில் பெரும்பாலோர் சொந்த மின்கட்டணத்தில் உழைப்பவர்கள்.

2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12 என்என்யுஇ என்ற சிறு நரம்பு வலையைச் சேர்த்துக்கொண்டது. யு நாசு ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக வடிவமைத்த அது, சாதாரணச் செயலியிலேயே ஓடும். ஜிபியு சண்டை அதோடு கொஞ்சம் தணிந்தது. ஆனால் அந்த வலை ஏவிஎக்ஸ்2 போன்ற செயலிக் கட்டளைகளை நம்பி வேகம் பெறுவது. அவை இல்லாத பழைய கணினியில் அதே ஸ்டாக்ஃபிஷ் தளர்ந்து ஓடும். பட்டியலில் அதற்குரிய எண் மட்டும் மாறாமல் இருக்கும்.