சாட்சியின் அச்சும் சாட்சியின் உண்மையும்

ஆண்டிறுதி ஆராதனையிலும் வீட்டுக் கூடுகைகளிலும் சாட்சி பகர்தல் இன்று ஏறக்குறைய ஒரு வழிபாட்டு முறைமையாகவே நிலைபெற்றுவிட்டது. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆயின் அதற்கென ஓர் அச்சு உருவாகியிருப்பதை மறுக்க இயலுமா? முன்னே இருள், நடுவே ஒரு நாள், பின்னே முழுவதும் ஒளி. அந்த நாளைச் சுட்டிக்காட்ட இயலாதவர் தமக்குச் சாட்சியே இல்லையென எண்ணி மௌனமாகிவிடுகிறார்.

இவ்வச்சுக்குத் தமஸ்குவின் வழியை ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் அந்நிகழ்ச்சியை மூன்று முறை கூறுகின்றது. மூன்றும் ஒன்றுபோல் இல்லை. 9-ஆம் அதிகாரத்தில் உடன்சென்றோர் சத்தத்தைக் கேட்கின்றனர். 22-இல் கேட்கவில்லை என்கிறார் பவுல். எருசலேமின் யூதத் திரளுக்கு முன் அனனியாவை நியாயப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவர் என அறிமுகப்படுத்தும் அவர், 26-இல் அகிரிப்பாவுக்கு முன் அனனியாவின் பெயரையே எடுப்பதில்லை. கேட்போரை அறிந்து பேசும் சாட்சி இது. மனப்பாடமாக ஒப்புவிக்கப்படுவதன்று.

நம் நாட்டவரையும் நோக்குவோம். வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1853-இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இடையில் கழிந்தவை ஐந்து ஆண்டுகள். தாம் கற்ற தமிழை அவர் துறந்துவிடவுமில்லை. 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் கம்பனின் நடை தெளிவாகவே ஒலிக்கின்றது. விட்டுவந்ததை இழித்துரைப்பதே மனந்திரும்புதலின் அடையாளம் என்று கருதும் சாட்சிக்காரர்கள் இதனைச் சிந்திப்பாராக. அவர் இழித்துரைப்பது பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம் தாயின் வழிபாட்டையே.

பண்டித ரமாபாயின் நேர்மை இன்னும் கடினமானது. 1883-இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்ற அவர், 1907-இல் எழுதிய தம் சாட்சியில், தாம் அடைந்தது கிறிஸ்தவ சமயத்தையே, கிறிஸ்துவை அன்று என்பதைச் சுமார் எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்ததாகக் கூறுகிறார். திருமுழுக்குப் பதிவேட்டை மட்டுமே பார்க்கும் ஆயருக்கு இந்த எட்டு ஆண்டுகள் புலப்படா.

இவற்றையெல்லாம் வகுப்பறையில் பலமுறை போதித்திருக்கிறோம். ஆயினும் 2023 டிசம்பர் 31 இரவு, எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கூடுகையை நடத்தியபோது நாமே அதற்கு மாறாக நடந்தோம். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவி, படகுகளும் வலைகளும் கருத்துப்போன மாதம் அது. மீன் விற்கும் ஒரு சகோதரி எழுந்தார். வலை பாழாயிற்று, பிடித்த மீனையும் வாங்குவாரில்லை, ஜெபித்தேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன் என்றார். அவ்வளவே. அவர் அமருமுன் நாம் குறுக்கிட்டு, கர்த்தர் ஏற்ற காலத்தில் இரட்டிப்பாகத் தருவார் என்று சேர்த்தோம். கூடியிருந்தோர் ஆமென் என்றனர். அவரோ சொல்லவில்லை.

அவர் கூறியது குறையுள்ள சாட்சியன்று. புலம்பல் சங்கீதங்களை ஆராதனையில் வாசிக்கும் சபை, அதே குரலைத் தன் உறுப்பினர் வாயிலிருந்து கேட்கும்போது திருத்த முற்படுகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகின்றது. அதற்கு எவரும் முடிவுரை சேர்க்கவில்லை. நாம் சேர்த்தோம். சாட்சியை நடத்துபவர் தமக்கு எழும் அச்சத்தை விசுவாசமென மயங்குவது மிக எளிது.

இறையியல் மாணவருக்கு இனி ஒரு பயிற்சி வைக்க எண்ணுகிறோம்: ஒருவர் சாட்சியைக் கேட்டபின் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாதிருத்தல். பிரசங்கக் கலையைவிட இதில் மதிப்பெண் குறையும் என்றே தோன்றுகிறது.

பிப்ரவரியில் மறுபடியும் நெட்டுக்குப்பம் சென்றோம். அச்சகோதரி வந்திருந்தார். சாட்சி கூற விரும்புவோர் உண்டோ என்று கேட்டபோது, மடியிலிருந்த குழந்தையைச் சரிசெய்துகொண்டு தலைகுனிந்திருந்தார்.