செல்லினம்: ஒரு மதிப்பீடு

மலேசியக் கணிஞர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் வெளியானது. கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்த முன்னோடிச் செயலி அது.

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம். ஒருங்குறித் தமிழுக்கு 70 மட்டுமே. 'சிறுமலை' என்ற 4 எழுத்துச் சொல்லே 7 இடம் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய இணையவழிச் செயலிகளில் அந்தத் தடை இல்லை, பழக்கம்தான் போகவில்லை.

செல்லினத்தில் அஞ்சல், தமிழ்99 என இரு விசைமுகங்கள் உள்ளன. அஞ்சல் புதியவருக்கு எளிது. ஆனால் தமிழை ஆங்கில எழுத்து வழியாகவே நினைக்க வைக்கிறது. தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளி தானே விழும். சில நாள் சிரமப்பட்டாலும் மாணவர்கள் தமிழ்99 பழகுவதே நல்லது. செயலி சொற்களைப் பரிந்துரைக்கும். 'பள்ளி'யா 'பல்லி'யா என்று முடிவு செய்ய வேண்டியவர் எழுதுபவரே.