புதிதாக ஒரு வரி

பிளேஸரில் எழுதிய அட்டவணை ஒன்று. வாடிக்கையாளர் பட்டியலுக்கும் அதுதான், பில் பட்டியலுக்கும் அதுதான். உள்ளே என்ன வகை வரும் என்று அதற்குத் தெரியாது. ‘டிஐட்டம்’ என்று பொதுவாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு காத்திருக்கும். இருக்கிற வரிகளைக் காட்ட அவ்வளவு போதும். ‘புதிதாகச் சேர்’ பொத்தானை அழுத்தும்போதுதான் சிக்கல். இன்னதென்றே தெரியாத வகையில் ஒரு புதுப் பொருளை எப்படி உருவாக்குவது?

சி ஷார்ப் காட்டும் வழி எனக்குப் பிடிக்கும். ‘வேர் டிஐட்டம் : நியூ()’ என்று ஒரு நிபந்தனை. எந்த விவரமும் கேட்காமல் உருவாகக்கூடிய வகைக்கு மட்டுமே அனுமதி; மற்றதைக் கம்பைலர் வாசலிலேயே நிறுத்திவிடும். 2021-இல் வந்த டாட்நெட் 6 முதல் ரேஸர் கோப்பிலேயே இதை எழுதிவிடலாம். ஜாவாவில் இந்த வசதி கிடையாது: நிரல் ஓடும் நேரத்தில் அந்தப் பொது வகையின் அடையாளமே அழிக்கப்பட்டிருக்கும்.

சரி, எண் இல்லாமல் பில்லே உருவாகக் கூடாது என்று கன்ஸ்ட்ரக்டரில் எழுதியிருந்தால்? அட்டவணைக்காக அதைத் தளர்த்துவது அநியாயம். அங்கே என் ஓட்டு ‘ஃபங்க்’ பாராமீட்டருக்குத்தான். பொருளை உருவாக்கும் சிறு ஃபங்ஷனை, அட்டவணையைப் பயன்படுத்தும் பக்கமே கொடுத்துவிடும். பொத்தானை அழுத்தியதும் அட்டவணை அதைக் கூப்பிடும், அவ்வளவுதான். அடுத்த எண், இன்றைய தேதி எல்லாம் நிரம்பியே புது பில் வந்து நிற்கும்.