ராஜாஜியின் கேள்வி முழுசு, விடை பாதி

இந்தியாவில் மத்தியத் திட்டமிடலை எதிர்த்து எழுந்த குரல்களில் அழுத்தமானது ராஜாஜியுடையது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. நேருவின் பொருளாதாரத்துக்கு அவர் சூட்டிய பெயர் 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்'. 1991இல் தொழில் உரிமங்களில் பெரும்பகுதி ஒழிந்ததும், அவர் அன்றே சொன்னார் என்ற பேச்சு எழுந்தது. சொன்னதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

பலித்ததை முதலில் பார்ப்போம். 1952இல் சென்னை மாநில முதல்வராக வந்ததும் அவர் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டுப்பாட்டை எடுத்தால் விலை எகிறும், ஏழைகள் பட்டினி கிடப்பார்கள் என்று பலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் மெய்ப்படவில்லை.

தொழில்துறையிலோ கட்டுப்பாடு இறுகியே இருந்தது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டப்படி, பெரிய ஆலை தொடங்க உரிமம் வேண்டும். விரிவாக்க உரிமம் வேண்டும். புதிய பொருள் செய்யவும் உரிமம் வேண்டும். உரிமத்தில் எழுதிய அளவைத் தாண்டி உற்பத்தி செய்தவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மக்கள் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வண்டி கைக்கு வந்ததும் கூடுதல் விலைக்குக் கைமாற்றினார்கள். வாங்க ஆள் இருந்தும், செய்ய ஆள் இருந்தும், இடையில் ஒரு கோப்பு நின்றது. உரிமம் பெற்றுவிட்ட முதலாளிக்கோ போட்டியே இல்லை. ஏகபோகத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு ஏகபோகத்துக்கே காவல் நின்றது.

இந்தக் கோளாறின் கோட்பாட்டு வேரை 1945இல் பொருளாதார அறிஞர் ஹயக் எழுதினார். எங்கே எது தேவை என்ற அறிவு கோடிக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. விலை அதைத் திரட்டித் தருகிறது. எந்தத் திட்டக் குழுவாலும் அதைத் திரட்ட முடியாது என்பது அவர் வாதம். 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பொருளாதார அறிஞர் குழு ஒப்புதல் அளித்தபோது, பி.ஆர்.ஷெனாய் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். பற்றாக்குறை நிதியை நம்பி இவ்வளவு பெரிய திட்டம் போட்டால் விலைவாசி ஏறும் என்றார். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது.

இனி பலவீனம். திட்டமிடுபவர்களின் மமதையைச் சாடிய ராஜாஜியே, 1953இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் வகுத்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு வெடித்தது. 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கட்டற்ற சந்தையைப் போற்றியவர், செருப்புத் தைப்பவரின் மகன் என்ன ஆக வேண்டும் என்பதை மட்டும் சந்தையிடமும் விடவில்லை, அந்தப் பையனிடமும் விடவில்லை. அரசின் கட்டளை உறுத்திய கண்ணுக்குப் பிறப்பின் கட்டளை உறுத்தவில்லை.

இது தனிமனிதர் ஒருவரின் சறுக்கல் மட்டுமன்று. விலை என்பது காசு உள்ளவரின் குரலை மட்டுமே கேட்கும் காது. பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தையின் தேவை எந்தச் சந்தையிலும் கேட்பாகப் பதிவாகாது. அதை நிறைவேற்ற 1956இல் மதிய உணவுத் திட்டம் வேண்டியிருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொன்ன தி.மு.க.வோடு சுதந்திராக் கட்சியே கூட்டணி வைத்தது. வாக்காளரிடம் போனபோது கோட்பாடு சற்று ஒதுங்கி நின்றது.

அப்படியானால், சிதறிக் கிடக்கும் அறிவை எப்படித் திரட்டுவது என்று ஹயக் எழுப்பிய கேள்விக்குப் பொதுச் சேவையில் என்ன பதில்? 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு பதில் இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் மருந்து வாங்குவது ஓரிடத்தில். ஆனால் விலையை அதிகாரி நிர்ணயிப்பதில்லை. திறந்த ஒப்பந்தப்புள்ளியில் நிறுவனங்கள் போட்டியிட்டுக் குறைக்கின்றன. எந்த மருத்துவமனைக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சென்னை விதிப்பதும் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள தொகைக்குள் தனக்கு வேண்டியதை மாவட்டக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். தரம் பார்க்க மாதிரிகளைப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பும்போது தயாரித்தவர் யார் என்பது மறைக்கப்படுகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்களை அமைத்தன.

கொள்முதல் அரசுடையது, விலை போட்டியுடையது, தேர்வு மருத்துவமனையுடையது. இந்த மூன்றையும் பிரித்ததால்தான் இது வேலை செய்கிறது. சுதந்திரச் சந்தைவாதிகள் திட்டமிடுபவரிடம் கேட்ட 'உனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியை எந்த அரசும் தட்டிக்கழிக்க முடியாது. 'எனவே விலகிக்கொள்' என்று அவர்கள் சொன்ன முடிவு மட்டும் அந்தக் கேள்வியிலிருந்து தானாகப் பிறப்பதில்லை. ஒரு புதிய அரசுத் திட்டம் அறிவிக்கப்படும்போது அது இடதா வலதா என்று ஆராய்வதைவிட, கீழே உள்ளவருக்குத் தெரிந்தது மேலே போக வழி இருக்கிறதா, தவறினால் யாருக்கு நட்டம் என்ற இரண்டையும் கேட்பதே பயன் தரும்.