கடைமடை வரை ரத்தம்: மெஷின் இல்லாத பைபாஸ் உண்மையில் எதைக் காக்கிறது?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்கு ஆஞ்சியோ பார்த்து மூன்று அடைப்பு என்று சொல்லிவிட்டால், வீட்டார் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: "மெஷின் போட்டுப் பண்ணுவாங்களா, போடாமலா?" செங்கல்பட்டு போனாலும் சென்னை போனாலும் அந்தக் கேள்வி கூடவே போகிறது. இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்கிற 'பீட்டிங் ஹார்ட்' பைபாஸ்தான் உடம்புக்கு நல்லது, இதயத்துக்கு மாற்றாக ஓடும் இதய-நுரையீரல் மெஷின் ரத்தத்தைக் கெடுத்துவிடும் என்ற எண்ணம் ஊரில் ஊன்றிவிட்டது. இது வெறும் பயமல்ல. இதற்குப் பின்னால் கனமான மருத்துவ வாதம் ஒன்று உண்டு. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

பைபாஸில் மருத்துவர் கை வைப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ரத்தக்குழாயில். ஆனால் ஆக்ஸிஜன் கைமாறுவது அங்கே இல்லை. 5 முதல் 10 மைக்ரான் அகலமே உள்ள தந்துகிகளில்தான் அது நடக்கிறது. சிவப்பணுவின் அகலம் 7, 8 மைக்ரான். பல இடங்களில் அது வளைந்து நெளிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். அந்த நுண்நாளங்களின் உட்சுவரில் வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கிறது. இதய-நுரையீரல் மெஷினின் பிளாஸ்டிக் குழாய்களில் ரத்தம் ஓடும்போது உடம்பு அதை ஓர் அந்நியத் தாக்குதலாக எடுத்துக்கொள்கிறது. அழற்சி கிளம்புகிறது, படலம் உரிகிறது, வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன, நீர் வெளியே கசிகிறது. போதாததற்கு, மெஷின் குழாய்களை முதலில் நிரப்பிவைத்த ஒரு லிட்டருக்கு மேற்பட்ட திரவம் ரத்தத்தோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. நோயாளியின் நாக்குக்கு அடியில் சிறு கேமராவை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், மெஷின் ஓடும்போது ரத்தம் பாயும் நுண்நாளங்களின் விகிதம் குறைவதைக் கண்ணாலேயே கண்டார்கள். மெஷின் போடாதவர்களிடம் இந்தக் குறைவு சிறியது. ஆகவே வாதத்தின் முதல் பாதி நிற்கிறது: மெஷின் நுண்நாளங்களைச் சீண்டத்தான் செய்கிறது.

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூருக்கு, அழுத்தம் இருப்பதும் ரத்தம் நுண்நாளத்தைச் சேர்வதும் ஒன்றல்ல என்பதைச் சொல்வது எளிது. ஏரி நிரம்பியிருக்கலாம், மதகிலும் தண்ணீர் சீறலாம். கடைமடை வயல் காய்ந்தே கிடக்கலாம். ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டர் காட்டும் ரத்த அழுத்தம் ஏரியின் நீர்மட்டம் மட்டுமே. 2018-இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. மெஷினில் இருந்த 197 பேரில் ஒரு பாதிக்கு அழுத்தத்தை 40–50-லும், மறு பாதிக்கு 70–80-லும் வைத்தார்கள். பம்ப் தள்ளும் ரத்தத்தின் அளவு இரு தரப்புக்கும் ஒன்றே. அழுத்தத்தை ஏற்றியது மருந்து. மூளையில் புதிதாக விழுந்த சேதத்தின் அளவில் வேறுபாடே இல்லை. குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி நாளத்துக்கு ரத்தம் அனுப்புவதாகாது.

இனி வாதத்தின் இரண்டாம் பாதி. மெஷினைத் தவிர்த்தால் நோயாளி பிழைப்பது கூடுகிறதா? 2009-இல் வந்த ரூபி ஆய்வில் 2,203 அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள். மெஷின் இல்லாமல் செய்தவர்களுக்கு ஓராண்டு முடிவில் பலன் குறைவாகவே இருந்தது. ஒட்டிய குழாய்களும் அதிகமாக அடைத்திருந்தன. ஐந்தாண்டு முடிவில் இறந்தவர்கள் மெஷின் இல்லாத தரப்பில் 15.2 சதவீதம், மெஷின் தரப்பில் 11.9. ஆனால் அந்த ஆய்வில் சேர, ஓர் அறுவை மருத்துவர் மெஷின் இல்லாத பைபாஸ் இருபது செய்திருந்தாலே போதும் என்று இருந்தது. துடிக்கும் இதயத்தில் தையல் போட இது போதிய பழக்கமல்ல என்று எழுந்த விமர்சனம் நியாயமானது.

அந்தக் குறையை நீக்கியே 2012-இல் கரோனரி ஆய்வு வந்தது. 19 நாடுகள், 4,752 நோயாளிகள்; இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்றன. ஒவ்வொரு முறையிலும் நூறுக்கு மேல் செய்து கைதேர்ந்தவர்களையே சேர்த்தார்கள். 30 நாளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மெஷின் இல்லாத தரப்பில் 9.8 சதவீதம், மெஷின் தரப்பில் 10.3, கிட்டத்தட்ட சமம். ஐந்தாண்டு கழித்தும் சமம்.

இந்த ஆய்வில் என்னை நிறுத்திய இடம் சிறுநீரகம். உடம்பில் நுண்நாளங்கள் அடர்ந்து செறிந்த உறுப்பு அது. வாதம் சரியென்றால் பலன் தெரியவேண்டிய இடம் அதுதான். தெரிந்தது: அறுவையை ஒட்டிய சிறுநீரகப் பாதிப்பு மெஷின் இல்லாதவர்களுக்கு 28 சதவீதம், மெஷின் போட்டவர்களுக்கு 32.1. ஆனால் ஓராண்டு கழித்துச் சிறுநீரகத்தின் வேலையை அளந்தபோது அந்த ஆதாயம் கரைந்துபோயிருந்தது. நுண்நாளங்களைக் காத்தது உண்மை. அந்தக் காப்பு நிலைக்கவில்லை என்பதும் உண்மை.

உறுப்புகளைக் காக்க முயன்ற மருந்துகள், பிற வழிகளின் கதை இன்னும் ஏமாற்றம். அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் 7,507 பேர். உயிரிழப்பு குறைந்ததாக நிறுவ முடியவில்லை, இதயத் தசைச் சேதமோ கூடியது. கையில் பி.பி. பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்தி இதயத்தைப் 'பழக்கும்' முறை சிறிய ஆய்வில் மின்னியது. அதே 2015-இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சுமார் 3,000 பேரிடம் சோதித்தபோது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. தப்பிப் பிழைத்தது ஒன்றுதான்: 2024-இல் 3,511 பேரிடம் நடந்த ஆய்வில், அமினோ அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றியதால் சிறுநீரகப் பாதிப்பு 31.7 சதவீதத்திலிருந்து 26.9-ஆகக் குறைந்தது. அதிலும் மரணம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், நுண்நாளம் என்ற பேச்சே வீண் என்று ஒதுக்க நான் தயாரில்லை. காரணம் நம் ஊர் உடம்பு. ஒரு கணக்கு பார்ப்போம். 75 கிலோ எடையுள்ள ஆண், ஹீமோகுளோபின் 14. அவர் உடம்பில் சுமார் 5.25 லிட்டர் ரத்தம். மெஷினின் 1.2 லிட்டர் திரவம் கலந்தால் ஹீமோகுளோபின் 11.4-க்கு இறங்கும்; கவலையில்லை. இப்போது 45 கிலோ எடையுள்ள பெண். நாற்று நட்டும் களை பறித்தும் உழைத்த உடம்பு, ஹீமோகுளோபின் 10. ரத்தம் சுமார் 2.9 லிட்டர். அதே 1.2 லிட்டர் கலந்ததும் 7.1. குழாய் ஒட்டும் வேலை தொடங்கும் முன்பே ரத்தம் ஏற்றவேண்டிய கட்டம் இது. ஏற்றலாமா என்று முடிவெடுக்க 7.5 போதுமான எல்லை என்பதை 2017-இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. இந்தப் பெண் அதற்கும் கீழே. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பைபாஸுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவர்கள்தான். ஆனால் ரத்தசோகை ஐம்பதாவது பிறந்தநாளில் விடைபெற்றுப் போவதில்லை.

இங்கேதான் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்ற, நோயாளியின் வீட்டார் முகம்கூடப் பார்க்காத, மெஷினை ஓட்டுபவர் முக்கியமாகிறார். குழாயைச் சுருக்கமாக அமைத்தால் திரவம் குறையும். தொடங்குமுன் நோயாளியின் சொந்த ரத்தத்தையே குழாய்க்குள் விட்டு அங்குள்ள திரவத்தை வெளியேற்றினால் இன்னும் குறையும். அழுத்தத்தைவிட, நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் போய்ச்சேருகிறது என்பதைக் கணக்கிட்டு மெஷினை ஓட்டலாம். 2018-இல் 350 பேரிடம் இப்படிச் செய்து பார்த்ததில் லேசான சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. பெரிய வெற்றி என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் இதற்குப் பெரிய செலவில்லை, கெடுதல் இல்லை, சிறிய உடம்புக்குக் கிடைக்கும் பயன் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

இன்னொன்றையும் எடையில் வைத்தாக வேண்டும். மெஷின் ஓடுவது சில மணி நேரம். சர்க்கரை நோய் அதே நுண்நாளங்களை இருபது ஆண்டு அரித்திருக்கும். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி வயதுவந்த இந்தியர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வாசலுக்கே வந்து தரும் மாத்திரையை மூன்று மாதம் போட்டு, நான்காம் மாதம் நிறுத்தும் ஒருவரின் நுண்நாளங்களை, பீட்டிங் ஹார்ட் அறுவையால் மீட்டுத்தர முடியாது.

மெஷின் இல்லாத முறைக்கு உரிய இடம் உண்டு. மகாதமனியில் சுண்ணாம்பு படிந்தவருக்கு அங்கே கவ்வி போடுவதே ஆபத்து. அவருக்கு மெஷின் இல்லாத முறையே பாதுகாப்பு. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கும் பொருந்தலாம். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்ததிலிருந்து இந்த ஐம்பது ஆண்டுகளில், துடிக்கும் இதயத்தில் தையல் போடுவதில் நம் நாட்டு அறுவை மருத்துவர்கள் பலர் உலகத் தரத்துக்கு வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் அது அவரவர் கைப்பழக்கத்தின் பெருமை. நுண்நாளத்தைக் காரணம் காட்டி எல்லோருக்கும் இதுவே உயர்ந்த முறை என்று விளம்பரம் செய்வதற்குச் சான்று இல்லை.

ஆகவே வீட்டார் கேட்கவேண்டிய கேள்வி மாறவேண்டும். "ஹீமோகுளோபின் எவ்வளவு? கிரியாட்டினின் எவ்வளவு? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு? ஆபரேஷனுக்கு முன் இவற்றில் எதைச் சரிசெய்யலாம்?" இதயம் பொறுக்காத அவசரத்தில் உடனே படுக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு ஆஞ்சியோவுக்கும் அறுவைத் தேதிக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் விலைமதிப்பற்றவை. அறுவைக்கு முந்தைய நாள் இரும்புச்சத்து ஊசியும் துணை மருந்துகளும் கொடுத்ததில் ரத்தம் ஏற்றும் தேவை குறைந்ததை 2019-இல் சூரிச் ஆய்வு காட்டியது. ஒரே நாளில் அவ்வளவு என்றால், சில வாரங்கள் கையில் இருந்தால் முயலாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அந்தத் திட்டத்தில் அறுவைக்குப் பெயர் பதிந்த அன்றே உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்குத் தகவல் போய், அங்கேயே ரத்தசோகையும் சர்க்கரையும் பார்க்கப்பட்டு, சரியான எண்களோடு நோயாளி சென்னைக்கு பஸ் ஏறும்படி அரசு ஏற்பாடு செய்யவேண்டும்.