செலவிடப்படாத பணத்தின் கணக்கு: மீரியபெத்தவும் பாராளுமன்றப் பொறுப்புக்கூறலும்

பாராளுமன்ற விவாதங்களை அன்றாட அரசியற் செய்திகளாக மட்டுமே வாசித்து மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும் ஹன்சாட்டில் பதிவாகும் விவாதமும் ஒரு பனுவலே. அதில் யார் பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார், எதனைப் பேசுகிறார், எதனைப் பேசாது விடுகிறார் என்ற வினாக்களை எழுப்புவது விமர்சகனின் கடமையாகும். பொதுப்பணத்தின் செலவு, அரசின் பொறுப்பு, பதவியிலிருப்போரின் ஒழுக்கம் என்பன குறித்து நமது பாராளுமன்றத்தில் நிகழ்ந்துவரும் விவாதங்களின் தன்மையை, மலையகத்தின் ஒரு சிறு தோட்டத்தை உரைகல்லாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தோட்டம் மீரியபெத்த.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி, அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஐந்து நாட்கள் கழித்து, 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. காலையிற் பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை. அழைக்கப் பெற்றோரும் இல்லை. புதையுண்டோர் எத்துணையர் என்பதை அரசினால் உடனடியாகக் கூற இயலவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றனர். பின்னர் அவ்வெண் பெரிதும் சுருங்கியது. நாட்டின் வரவையும் செலவையும் ஒரு சபை எண்ணிக்கொண்டிருந்த அதே வாரத்தில், தன் மக்களை எண்ணவியலாத நிலையில் அரசு நின்றது. இம்முரணே நமது ஆய்வின் தொடக்கப் புள்ளி.

இவ்வனர்த்தம் எதிர்பாராது வந்ததன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் இவ்விடத்தின் ஆபத்தை எடுத்துரைத்து, மக்கள் அகற்றப்பட வேண்டுமென அறிவுறுத்தியிருந்தது. ஆழிப்பேரலையின் பின்னர் பாராளுமன்றத் தெரிவுக்குழுவொன்று கூடி ஆராய, அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியதும் அதே 2005ஆம் ஆண்டிலேதான். அறிவியல் எச்சரித்தது, சட்டமும் இருந்தது. இடையில் இல்லாதிருந்தவை மாற்று நிலமும் அதற்கான பணமும் மட்டுமே.

இங்கு பாராளுமன்றத்தின் பங்கு யாது? அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுநிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடமே ஒப்படைக்கின்றது. இரண்டாம் வாசிப்பு விவாதத்தில் கொள்கையும், குழுநிலையில் அமைச்சு வாரியான ஒதுக்கீடுகளும் ஆராயப்படுகின்றன. செலவு முடிந்தபின் கணக்காய்வாளர் தலைமையதிபதி அறிக்கையிடுகிறார். அதனை 1921 முதல் இயங்கிவரும் அரசாங்கக் கணக்குகள் குழுவும், 1979 முதல் இயங்கிவரும் கோப் எனப்படும் பொதுமுயற்சியாண்மைகள் பற்றிய குழுவும் விசாரிக்கின்றன. ஏட்டளவில் இது குறைவற்ற ஏற்பாடு போலவே தோன்றும்.

ஆனால் இவ்வேற்பாடு எதனைப் பிடிக்கவல்லது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2015 பெப்ரவரியில் நிகழ்ந்த திறைசேரிப் பிணைமுறி விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆவணங்கள் இருந்தன, விலைகள் இருந்தன, நட்டமடைந்த தரப்பும் இலாபமடைந்த தரப்பும் இருந்தன. ஆகவே கோப் குழுவினால் விசாரிக்க முடிந்தது. 2016 ஒக்டோபரில் அதன் அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது நாடே அதனைப் பேசியது. மீரியபெத்தவில் உயிர்தப்பியோருக்கெனப் பூனாகலைப் பகுதியிற் கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டதும் அதே மாதத்திலேதான். அதுவரை ஏறத்தாழ ஈராண்டுகள் அக்குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஒதுங்கி வாழ்ந்தன. அவ்வீராண்டுக்கும், அதற்கு முந்திய ஒன்பதாண்டுக்கும் கணக்குக் கேட்ட குழு எது?

தவறாகச் செலவிடப்பட்ட பணம் தன் பின்னே ஒரு தாளை விட்டுச் செல்கிறது. செலவிடப்படாத பணம் அவ்வாறு எதனையும் விட்டுச் செல்வதில்லை. களவு ஐந்தொகையில் துண்டுவிழச் செய்யும்; கைவிடல் ஐந்தொகையைச் சமன்செய்தே காட்டும். 2005இல் அகற்றப்பட வேண்டிய மக்களுக்கு ஒரு சதமும் ஒதுக்கப்படாவிடில், கணக்காய்வாளரின் கண்ணுக்கு அங்கே குற்றம் எதுவும் புலப்படாது. எனவே பொறுப்புக்கூறல் என்ற பெயரில் நம் சபையில் எழும் வாதங்கள் பெரும்பாலும் ஊழலைச் சுற்றியே சுழல்கின்றன. ஊழல் கொடியதென்பதில் ஐயமில்லை. ஆயினும் வறியோரைப் பெரிதும் வதைப்பது, அவர்களுக்காக ஒருபோதும் ஒதுக்கப்படாத பணமே.

இக்கைவிடலுக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையிலிருந்து சென்ற எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தபின், 1952இல் அக்காங்கிரசின் குரலே சபையில் இல்லாதொழிந்தது. கேள்வி கேட்கும் உரிமை இழந்தோர்க்குப் பதில் கூறும் கடப்பாடு எவர்க்கும் இருப்பதில்லை.

குடியுரிமை மீண்ட பின்னரும் நிர்வாக மதில்கள் எஞ்சின. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலமோ அரசினுடையதாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுள் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. 2018இல் அது திருத்தப்படும்வரை, தான் வாக்களித்துத் தெரிந்த சபையின் பணம் தன் லயத்துப் பாதைக்கு வாராது என்பதே தொழிலாளியின் நிலை. கம்பனி அரசைக் காட்டும். அரசு கம்பனியைக் காட்டும். ஓர் அமைச்சு மற்றோர் அமைச்சைக் காட்டும். பொறுப்பு பலர்க்குரியதாய் இருந்தமையாலேயே எவர்க்கும் உரியதல்லாததாயிற்று.

எச்சரித்தும் மக்கள் வெளியேறவில்லை என்பாரும் உளர். இவ்வாதம் ஆராயத்தக்கது. லயத்து அறைக்கு உறுதியில்லாத தொழிலாளி, தொழிலையும் உறைவிடத்தையும் ஒரே இடத்தில் பெற்றிருப்பவன், வேறிடம் காட்டப்படாத நிலையில் எங்கே செல்வான்? மலையை விட்டுப் பெயர்தல் அவனுக்குப் பிழைப்பையே விட்டுப் பெயர்தலாகும். செல்வதற்கு ஓர் இடம் தந்தபின்னரே செல்லாமையைக் குற்றமென்று கூறல் பொருந்தும்.

விவாதத்தின் மொழியும் இங்கு கவனிக்கத்தக்கது. அனர்த்தங்களின் பின் ஆட்சியாளர் அளிக்கும் விடைகளில் செயப்பாட்டு வினையே மேலோங்கி நிற்கும். நடவடிக்கை எடுக்கப்படும், அறிக்கை கோரப்பட்டுள்ளது, இழப்பீடு வழங்கப்படும். எடுப்பவர் யார், கோரியவர் யார், வழங்குபவர் யார்? செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைந்து நிற்க இலக்கணம் இடம்தரும், அரசறம் இடம்தரலாகாது. பொறுப்புக்கூறல் என்பது, சுருங்கக் கூறின், வாக்கியத்திற்கு வினைமுதலைத் திருப்பித் தருவதே.

இத்திசையில் நம்பிக்கை தரும் ஓர் அடி நீதித்துறையில் வைக்கப்பட்டுள்ளது. பொருளாதார நெருக்கடி தொடர்பாக 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ஆட்சியில் இருந்தோர் செய்தவற்றை மட்டுமன்றிச் செய்யாது விட்டவற்றையும் பொதுநம்பிக்கையை மீறிய செயல்களோடு சேர்த்து நோக்கியது. செய்யாமையும் ஒரு செயலே என்னும் இக்கருத்து, திறைசேரியின் வாயிலோடு நின்றுவிடாமல் லயத்தின் வாயில்வரை வருதல் வேண்டும்.

ஏனெனில் மலை ஓய்ந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகல தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் சேதமுற்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை உள்ளிட்ட மலைநாடெங்கும் நிலச்சரிவுகள் நிகழ்ந்தன. அன்றும் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. இத்தற்செயலைச் சகுனமென்று கொள்ள வேண்டியதில்லை. பருவமழையும் நிதியாண்டும் இந்நாட்டில் ஒரே காலத்தில் முதிர்கின்றன. ஆதலின் ஒன்றைப் பேசும்போது மற்றதைப் பேசுதல் சபைக்கு எளிதாயிருக்க வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

செய்யத்தக்கது பெரிதன்று. எச்சரிக்கப்பட்ட இடங்களின் பட்டியல், ஒவ்வோர் இடத்திலும் வாழும் குடும்பங்களின் தொகை, அவர்களின் இடமாற்றத்துக்கு அவ்வாண்டில் ஒதுக்கப்பட்ட பணம், பொறுப்பான அதிகாரியின் பதவி ஆகியன ஆண்டுதோறும் குழுநிலை விவாதத்தின் முன் சபையில் வைக்கப்பட வேண்டும். பணம் ஒதுக்கப்படாத இடத்துக்கு நேரே சுழியம் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் செயலாற்றுகைக் கணக்காய்வுக்கு இடமளித்துள்ளமையால், அச்சுழியத்தை வினவும் கருவியும் நம்மிடம் உண்டு.

பொருளைத் தேடிச் சேர்த்துக் காப்பதோடு அமையாது, அதனைப் பகுத்தளிப்பதிலும் வல்லதே அரசு என்று வள்ளுவர் கருதினார். வருமுன் காப்பதையும் அவர் அரசியலுக்குள்ளேயே வைத்தார். இவ்விரண்டும் வெவ்வேறு அறங்களல்ல என்பதை மீரியபெத்த உணர்த்துகிறது. 2005க்கும் 2014க்கும் இடையே நிறைவேறிய ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் அத்தோட்டத்துக்கு நேரே ஒரு சுழியம் இருந்தது. அதனை எவரும் எழுதவில்லை, எவரும் வாசிக்கவுமில்லை. இனி வரும் விவாதங்களை அளக்கும்போது, எத்துணை ஊழல்கள் அங்கே அம்பலமாயின என்பதோடு, எத்துணைச் சுழியங்கள் அங்கே வாசிக்கப்பட்டன என்பதையும் நாம் கேட்க வேண்டும்.