காரணிகள் பெருகிய ஓர் எண்

இராமானுஜன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் 1729 நம்மவர் நாவில் வந்து நிற்கிறது. ஆயினும், அவருடைய மேதாவிலாசத்தை ஒரே எண்ணில் தரிசிக்க விரும்பும் ரசிகருக்கு நான் 6,746,328,388,800 என்பதையே எடுத்துக் காட்டுவேன். ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடியாகிய இவ்வெண், 1915ஆம் ஆண்டில் லண்டன் கணிதச் சங்கம் வெளியிட்ட அவருடைய நீண்ட கட்டுரையில், 102 எண்கள் கொண்ட அட்டவணையின் முடிவில் நிற்பது.

தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் வாய்க்காத அளவு காரணிகளைப் பெற்றிருப்பதே அவ்வட்டவணையில் இடம்பெறுவதற்குரிய லட்சணம். 12க்குக் காரணிகள் ஆறு. அதற்குக் கீழே எதற்கும் அத்தனை இல்லை. நாளை அறுபது நாழிகையாகவும் வருஷ வட்டத்தை அறுபது வருஷங்களாகவும் பகுத்த நம் முன்னோர் கைக்கொண்ட 60ம் இக்குலத்தைச் சேர்ந்ததே.

நம் பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5ம் 7ம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வந்து, மேலே செல்லச் செல்லக் குறையுமேயன்றி ஒருகாலும் கூடாத ஒரு கிரமத்தில் இறங்கி வருவதைக் காணலாம். அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 10,080 காரணிகள்! இந்தக் கிரமம் தற்செயலன்று. 12ல் 2 இருமுறையும் 3 ஒருமுறையும் இருக்க, அவற்றை இடம் மாற்றினால் 18 கிடைக்கிறது. காரணிகள் அதே ஆறுதான், எண்ணோ பெரிதாகிவிட்டது. ஆகவே 18 தள்ளுபடி. இவ்வளவு எளிய நியாயத்திலிருந்து புறப்பட்டு, 4, 36 என்னும் இரண்டைத் தவிர, இக்குலத்து எண் ஒவ்வொன்றிலும் கடைசிப் பகா எண் ஒருமுறையே வரும் என்பதையும் நிரூபித்துவிடுகிறார் இராமானுஜன். சொற்பப் பொருளைக் கொண்டு இத்தனை விஸ்தாரமான மாளிகையை எழுப்பியதை நினைக்கும்தோறும் எனக்குப் பரவசம் உண்டாகிறது.

அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிற்று. 5,040 காரணிகள் உடைய 293,318,625,600 என்பது அது. அதை 23ஆல் பெருக்கினால் மேலே கண்ட கடைசி எண்ணே கிடைக்கும் என்பது எத்தனை விசித்திரம்! கைக்கணக்காகவே இவ்வளவு தூரம் நடந்தவருக்கு இது ஒரு குறையென்று என் மனம் ஒப்பவில்லை.

இக்கட்டுரைக்காகவே 1916ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. சங்கத்துக்கு அந்நாளில் நேர்ந்த பண முடையால் அச்சேறாமல் நின்ற பிற்பகுதியோ, நிக்கோலா, ரோபன் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்களின் குறிப்புகளோடு 1997ல் வெளிவந்தது.

ஜொகூர் பாருவை அடுத்த நம் தம்போயில் பிள்ளைகளுக்குக் காரணி காணக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் வேண்டுவது ஒன்றே. பரீட்சைக்கு வேண்டிய விடை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இந்த எண்ணைப் பலகையில் எழுதி, 2ல் தொடங்கி 23 வரையில் அவர்களே வகுத்துப் பார்க்கும்படி அவகாசம் கொடுங்கள்.